ஒருநாளும் நிற்காத லைன்

நெரெய்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகு. இரண்டும் அடங்கியபிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் சொல்லி முடிக்க மாட்டேன். அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் நான்காவது மாடி அவளுடையது, மூன்றாவது மாடி என்னுடையது. நான் ஒடிலா. ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசிப் பிழைக்கிறவள். அவள் வேலை பார்த்தது ஊர்க்கோடியில், கடலை ஒட்டிப் புகைபோக்கி நிற்கிறதே, அந்த மின் ஆலையில். பழுதுபார்க்கும் பிரிவு. ஆனால் ஸ்பானரைத் தொட்டவள் இல்லை. எந்த பம்பு எத்தனை நாள் ஓடிவிட்டு நிற்கிறது, நின்றதை மறுபடி ஓட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது, இந்த இரண்டையும் அளந்துகொண்டே இருப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு மெஷினை நம்பலாமா கூடாதா என்று சொல்ல அந்த இரண்டு எண்ணும் வேண்டும் என்பாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அளக்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

கிழக்கே கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். தொழிற்பள்ளி முடித்து, ஒரு மரப்பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது குச்சி மாதிரி இருப்பாள். ஆலையில் எலியேசர் என்று ஒரு பாய்லர் வெல்டர். ஆள் கதவளவு அகலம், குரல் அதைவிடப் பெரிது. தான் வைத்த வெல்டிங் விட்டுப்போனதாக எவளோ கணக்கில் ஏற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டு நேரே அவள் மேஜைக்கு வந்து நின்றானாம்.

"எவ அவ, என் வெல்டிங் புட்டுக்கிச்சுன்னு சொன்னவ?"

"புட்டுக்கிச்சா இல்லையா?"

"புட்டுக்கிச்சு. ஆனா..."

"ஆனாவ எல்லாம் என்னால அளக்க முடியாது. அடுத்த ஆள் வரட்டும்."

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு ஆனாவோடு அவள் மேஜைக்கு வந்தான். கல்யாணத்தில் முடிந்தது. அவளை அன்றிலிருந்து கடைசிவரை 'ஒல்லி' என்றுதான் கூப்பிட்டான், அவள் ஒல்லியாக இல்லாமல் போன பிறகும்.

பாய்லருக்குள் புகுந்து புகையையும் சாம்பலையும் தின்றே அவன் நுரையீரல் கெட்டுப்போனது. முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது, பிறகு பேசும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். அமெரிக்காவில், தம்பாவில் இருக்கும் மகள் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்றை யார் யார் பெட்டியிலோ ஏற்றி அனுப்பிவைத்தாள். அதை மூக்கில் மாட்டிக்கொண்டால் பழைய எலியேசர். கழற்றினால் கரையில் போட்ட மீன். அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கியூபாவில் இருந்துகொண்டு கரண்ட்டை நம்பி மூச்சு விடுவதென்றால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கரண்ட் கட் கூடக்கூட, எங்கள் கட்டடத்தில் நெரெய்தாவின் மதிப்பும் கூடியது. வருஷப் பிறப்புக்கு பாபலாவோப் பூசாரிகள் கூடி அந்த வருஷத்துக்குக் குறி சொல்வார்கள் அல்லவா, அது ஊருக்கு. எங்கள் கட்டடத்துக்கு நெரெய்தாதான் குறி. பன்றிக்கறி வாங்கலாமா, துணி ஊறவைக்கலாமா என்று எல்லாம் அவளிடம் கேட்டுத்தான். முதல் மாடி ரிகோ, பேட்டரி வண்டியில் ரொட்டி விற்கிற குண்டன், தன் மகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கே, எங்களிடத்தில் அது கல்யாணத்துக்குச் சமம், அவளிடம் நாள் கேட்டான்.

"நெரெய்தா, உங்க ஆலையில அந்தப் பாழாப்போன பம்பு சராசரியா எத்தனை நாள் ஓடும்?"

"மூணு வாரம்."

"போன வாரம்தானே சரி பண்ணீங்க? அப்ப இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கு!"

"பாக்கியா? நீ என்ன ரேஷன் ரொட்டியா எண்ணிக்கிட்டு இருக்க? சராசரின்னா சத்தியம் இல்லடா. நேத்து எழுந்த பம்பு இன்னைக்கே படுத்துக்கும். அதுக்கு நம்ம நாள் கணக்கு தெரியாது."

ரிகோ காதில் விழுந்தது மூன்று வாரம் என்பது மட்டும்தான். விழா அன்று கேக் வெட்டுவதற்கு முன்னால் கரண்ட் போனது. பாட்டு நின்றது, ஐஸ் கரைந்தது, கேக்கின் வெள்ளை நுரை மேஜை எல்லாம் வழிந்தது. ரிகோ முற்றத்தில் நின்று நான்காவது மாடியைப் பார்த்துக் கத்தினான்.

"உன் சராசரிய எடுத்து உப்புப் போட்டு ஊறவையி!"

மாடி முகப்பிலிருந்து எலியேசர்தான் பதில் சொன்னான், சிரிப்புக்கும் மூச்சுக்கும் நடுவே. "குண்டா, கல்யாணத்துக்கு முந்தி என்கிட்டயும் ஒரு சராசரி சொன்னாடா இவ. நம்பி வந்தவன் நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

அந்த ரிகோதான், கட் அரை நாளுக்கு மேல் நீள ஆரம்பித்தபோது, தன் வண்டி பேட்டரியைக் கழற்றி, ஒரு இன்வெர்ட்டரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, நான்காவது மாடிக்குத் தூக்கிப் போனான். பேட்டரி வண்டி வைத்திருந்த மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரண்ட் போன கையோடு படிக்கட்டில் யாராவது கத்துவார்கள், "எலியேசருக்கு இன்னைக்கு யாரு முறை?" முறைக்காரன் தூக்கிக்கொண்டு ஏறுவான். மெஷின் நின்று ஓடுவதற்குள் எலியேசர் ஒரு வசவை முடித்திருக்க மாட்டான். போதாததற்கு மருத்துவ நிலையம் கொடுத்த ஒரு சிலிண்டரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. இப்படி எத்தனையோ கரண்ட் கட்டைத் தாண்டிவிட்டோம்.

தாண்டியது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருநாள் காலையில் ரிகோவின் பேட்டரி வற்றிப்போய், அவன் ரொட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். அன்று வேலைக்குப் போகும்போது தண்ணீர் நிலையத் தெரு வழியாகப் போனாள்.

ஊருக்கே தண்ணீர் தள்ளுகிற பெரிய பம்பு அந்தத் தெருவில் இருக்கிறது. அதற்கு வருகிற லைனை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் ஊரில் தண்ணீர் இல்லை. அதே லைனில் தொங்குகிற வீடுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம். எவரிஸ்தோ என்கிற ஒருவன் ஜன்னலில் மேஜை விசிறி ஒன்று வைத்திருந்தான். நெரெய்தா மாதக்கணக்கில், போகும்போதும் வரும்போதும் அந்த விசிறியைப் பார்த்தாள். ஊர் இருண்டு கிடந்த நாட்களில் வேலை மெனக்கெட்டுச் சுற்றிப்போய்ப் பார்த்தாள். விசிறி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எங்களிடத்தில் வீடு விற்பதைவிட மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். உன்னுடையது எனக்கு, என்னுடையது உனக்கு. எவரிஸ்தோவுடையது தரைத்தளம், ஈரம் ஏறிய சுவர், ஒன்றரை அறை, கூடவே நாள் முழுக்க பம்பு இரைச்சல். அவனுக்குக் கல்யாணமான மகளை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். நெரெய்தாவுக்குக் கடல் பார்த்த இரண்டு அறை. அவன் வேண்டாம் என்பானா?

என்னிடம் அவள் சொன்ன அன்று நான் அவள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒருநாளும் நிக்கலைங்கற. நல்ல சேதிதானே? பின்ன ஏண்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"நிக்காததை அளக்க முடியாது ஒடிலா. நின்னாத்தான் எத்தனை நாளைக்கு ஒருக்க நிக்கும், எவ்வளவு நேரத்துல திரும்பி வரும்னு சொல்ல முடியும். அந்த லைனைப் பத்தி எனக்கு ஒரு எண்ணும் தெரியாது."

"தெரியாத இடத்துக்கு எதுக்குப் போற?"

"இங்க நடக்கறது தெரியும். அதனாலதான் போறேன். தினம் தினம் ஒரு வீட்டு வாசல்ல நின்னு என் புருஷனுக்கு மூச்சு கேக்க என்னால முடியல."

"நீ எங்கடி கேட்ட? அவனுங்களே தூக்கிட்டு வரானுங்க."

"அதான் முடியல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கரண்ட்ட அளந்த, பம்ப அளந்த, கண்ட கழுதையோட விசிறியைக்கூட அளந்த. எங்கள என்னைக்காவது அளந்தியாடி?"

காதோரம் வழிந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாமல் அப்படியேதான் வீடு மாறினாள். பிடிவாதக்காரி.

எலியேசரை நாற்காலியோடு தூக்கி ரிகோவும் மற்றவர்களும் இறக்கினார்கள். "பதமா இறக்குங்கடா, பாய்லர் பழசு," என்று வழியெல்லாம் அதட்டிக்கொண்டு போனான். தெருவில் வைத்ததும்தான் அழுதான். எவரிஸ்தோ ஒரு ஃப்ரீசர் நிறையக் கோழியோடு வந்து இறங்கினான். முதல் வாரத்திலேயே அத்தனையும் நாறி, கட்டடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டியது.

புது வீட்டில் மெஷின் நிற்காமல் ஓடியது. அதை நான் மறைக்கக் கூடாது. நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் அவன் முகத்தில் ரத்தம் இருந்தது, அவள் தூங்கி எழுந்த முகமாக இருந்தாள். ஆனால் அந்தத் தெருவில் ஒருவரும் இன்னொருவர் வாசலில் வந்து நிற்பதில்லை. எதற்கு வரவேண்டும்? எல்லார் வீட்டிலும் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது, டிவி ஓடுகிறது. டோமினோ ஆட ஆள் இல்லாமல் எலியேசர் வலது கைக்கும் இடது கைக்கும் ஆட்டம் வைத்துக்கொண்டிருந்தான். மருத்துவ நிலையத்திலிருந்து சிலிண்டரைத் திரும்பக் கேட்டார்கள். நிற்காத லைனில் இருக்கிறவர்களுக்கு எதற்கு, தினமும் கட் ஆகிற தெருவில் ஒரு குழந்தை காத்திருக்கிறது என்றார்கள். நெரெய்தாவே அதை உருட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கள் கட்டடத்தில் கரண்ட் போனது. யாரும் திட்டக்கூட இல்லை. ரிகோவும் மற்றவர்களும் டோமினோ மேஜையை நிழலுக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். பேட்டரிகள் எல்லாம் சார்ஜ் ஏறி மாடிப்படிக்குக் கீழே வரிசையாக நின்றன. நான் ஒரு வாடிக்கைக்காரிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்துவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் வரிசைக்குத் தண்ணீர் வரும் நேரம். குழாயைத் திறந்தால் ஒரு இருமல், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். அதுவும் இல்லை.

"தண்ணி வரலையா?" என்று படியில் நின்ற எவரிஸ்தோவைக் கேட்டேன்.

"வரணுமே. நான் அங்க இருந்த காலம் பூரா அந்த பம்பு நின்னதே இல்ல."

சொன்னவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பம்பு நின்றிருக்கிறது. பம்பு நின்றால் அந்த லைன் நின்றிருக்கிறது. வாடிக்கைக்காரியைத் தலையில் செம்பட்டையோடு நாற்காலியில் விட்டுவிட்டுப் படியில் ஓடினேன். "ரிகோ! எலியேசர்!" என்று மட்டும்தான் வாயில் வந்தது. ரிகோ கையில் இருந்த டோமினோ கட்டைகளை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்தான்.

வண்டியில் ஒரு பேட்டரி ஓட, இன்னொன்று அவன் காலடியில், இன்வெர்ட்டர் என் மடியில். ஊர் முழுக்க இருட்டுக் கடைகள், தெருவில் கூட்டம். போன் வேலை செய்யவில்லை. "வேகமாப் போடா, ரொட்டியா விக்கப் போற?" என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

தண்ணீர் நிலையத் தெருவில் ஜனங்கள் வாசலில் கைபிசைந்து நின்றார்கள். கரண்ட் இல்லாமல் என்ன செய்வது என்றே தெரியாத ஜனங்கள். ஒரு கரி அடுப்பு இல்லை, ஒரு பேட்டரி இல்லை. அன்று வேலை முறை இல்லாமல் வீட்டில் இருந்த நெரெய்தா எலியேசரை வாசல்படிக்கு இழுத்து வந்து, மார்போடு சாய்த்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் உதடு நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

ரிகோ கம்பியை இணைத்தான். மெஷின் ஒரு கூவு கூவி ஓட ஆரம்பித்தது. குழாயை மூக்கில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் அவன் உதட்டையே பார்த்தோம். நீலம் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.

"யாரையாவது அனுப்பியிருக்கக் கூடாதாடி?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"யாரை? இங்க ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. கதவு கதவாத் தட்டுனேன். பேட்டரியான்னு கேக்கறாங்க. இவர விட்டுட்டு நான் எப்படி அங்க ஓடி வருவேன்?"

எலியேசருக்குப் பேச்சு வந்தது. "குண்டா, உன் பேட்டரி பூரா ரொட்டி வாசனை." ரிகோ சிரித்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரன் பழைய ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு வந்து சொன்னான். எங்கள் ஊர் மட்டும் இல்லை. எங்கோ ஒரு மின் ஆலை நின்றுபோய், அது அடுத்ததை இழுத்து, தீவு முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டது. ஹவானாவிலும் இல்லை. நெரெய்தா அவனை ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, கட்டடத்தில் எத்தனை பேட்டரி சார்ஜில் இருக்கிறது என்று மட்டும் ரிகோவைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். அவள் மனதுக்குள் என்ன கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். வழக்கமான கட் என்றால் சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பும், பேட்டரி மறுபடி ஏறும். இது எப்போது திரும்பும் என்று அளந்தவர் யாரும் இல்லை.

கட்டடத்துப் பேட்டரிகள் ஒவ்வொன்றாக வந்தன. வண்டியில் வந்தன, தள்ளுவண்டியில் வந்தன, கடைசியில் வண்டி ஓட்டப் பேட்டரி இல்லாமல் தோளில் வந்தன. எவரிஸ்தோகூட ஒன்றைச் சுமந்து வந்து, வாசலில் இறக்கிவிட்டுத் தன் பழைய வீட்டுக்குள் நுழையக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான். ரிகோ மருத்துவ நிலையத்துக்கு ஓடினான். அங்கே இருந்த சிலிண்டர் எல்லாம் யாருடைய மூக்கிலோ இருந்தது. ஆம்புலன்ஸ் தொலைவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தான். விடிந்தும் ஆம்புலன்ஸ் வரவில்லை. காலையில் மறுபடி போனான். அதே பதில்.

திரும்பி வந்தவன் என்னையும் நெரெய்தாவையும் முற்றத்துக்குக் கூப்பிட்டான்.

"உங்க பழைய சிலிண்டர் எந்த வீட்ல இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் ரொட்டி போடற தெருதான். ஒரு வார்த்தை சொல்லு, போய் எடுத்துட்டு வரேன்."

"கேட்டா குடுப்பாங்களா?" என்றாள் நெரெய்தா.

"கேக்கறதா யார் சொன்னா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். யார் குழந்தையோ, எனக்கு என்ன? எலியேசர் எனக்குத் தெரிந்தவன்.

"அந்தக் குழந்தைக்கும் இப்ப கரண்ட் இல்ல ரிகோ," என்றாள். "அதுவும் அதுலதான் மூச்சு விடுது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரிகோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மட்டும் கோபம் தாங்காமல் சுவரை உதைத்தேன். கால்விரல் வீங்கிப்போனது.

நண்பகலுக்குக் கடைசிப் பேட்டரியை மாட்டினோம். மாட்டியது எலியேசருக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க மெஷினோடு இருந்தவன், சத்தத்திலேயே கண்டுபிடிப்பான். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"எவ்வளவு நேரம் ஒல்லி?"

"நாளைக்கு வரைக்கும் தாங்கும்."

"இது சராசரியா, சத்தியமா?"

"சத்தியம்."

அவளை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து அவள் சொல்லி அவன் நம்பாத ஒரே எண் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நம்பினவன் மாதிரி தலையாட்டினான். அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். "அந்த வெல்டிங் என் தப்பு இல்லடி," என்றான். "குழாய் ஈரமா இருந்துச்சு."

"தெரியும்," என்றாள் அவள். "அன்னைக்கே தெரியும்."

"அடிப்பாவி."

மெஷின் சத்தம் தேய ஆரம்பித்ததும் ரிகோ வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தான், ஆம்புலன்ஸைக் கண்ணாலேயே இழுத்து வந்துவிடுகிறவன் மாதிரி. மெஷின் நின்றது. நெரெய்தா அதன் கம்பியை இன்வெர்ட்டரிலிருந்து பிடுங்கிச் சுவர்ப் பிளக்கில் சொருகினாள். எந்த நிமிஷமும் கரண்ட் வரலாம் அல்லவா. பிறகு கட்டிலில் ஏறி அவன் தலையைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டு, அவன் மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டாள். இழு, விடு, இழு, விடு என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவன் பாதத்தைத் தேய்த்தேன். சூடு வரவில்லை. வெகுநேரம் அப்படியே போயிற்று. ஒரு கட்டத்தில் அவள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் நிறுத்தவில்லை. நான்தான் அவள் தோளைத் தொட்டேன். அவன் கண்ணை மூடி, தலையணையில் கிடத்தி, நெற்றி முடியை என் கையாலேயே வாரிவிட்டேன். அவள் அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ரிகோ வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டிக்காரனுக்கு உரிய பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

வெயில் சாயும் நேரத்தில் கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் எங்கள் நாட்டில் எல்லாரும் கத்துவோம். கைக்குழந்தை முதல் கிழவர் வரை. யாரும் யோசித்துக் கத்துவதில்லை, அடிவயிற்றிலிருந்து அது தானாக வரும். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. பம்பு நிலையம் அதிர்ந்தது. சுவரோரம் மெஷின் ஒரு கூவு கூவி ஓட ஆரம்பித்தது. தெருவே எழுந்து நின்று கத்தியது. நாற்காலியில் இருந்த நெரெய்தாவும் துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கி, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினாள். அவள் முகம் முழுக்க அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த முகத்தோடு, அவனிடம் சொல்வதற்காகத் திரும்பினாள்.